அக்காவின் முன்பல் நான்கு

அக்கா,

இன்று காலை என் வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துவிட்டன. கிளினிக் சுவருக்கு வெள்ளை அடிக்க டொக்டர் நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தார். அலுமாரியிலிருந்த மருந்துகளை இறக்கி மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு சின்னப் பழுப்புப் போத்தல், மூடி இறுகிப்போய்க் கிடந்தது. துணியால் பிடித்துத் திருகியபோது கழுத்தோடு உடைந்து உள்ளே இருந்தது விரல்களில் வழிந்தது. பார்க்கத் தண்ணீர்தான், வாடைகூட இல்லை. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்தபோது விரல் நுனிகள் தேயிலைச் சாயம் பட்டது போலாகின. பகல் சாப்பாட்டுக்குள் கரியாகிவிட்டன. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன், போகவில்லை. தோல் உரியும்வரை, ஒரு இரண்டு கிழமை, இப்படித்தான் இருக்கும். பல் உரிவதில்லை.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நீலகிரிப் பக்கத்திலிருந்து அப்பா யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. காய்ச்சல் கண்டு ஆறாம் நாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள் என்று. அப்பாவுக்கு எழுத வேண்டியதை அப்போதே எழுதிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம் இருக்கிறது. படிக்க நீ இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அந்தப் பல்லுக்கார ஐயா நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது உனக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஜீப் முனகிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அவர் சிங்களத்தில் சொல்ல, தோட்டத்து மருந்து ஐயா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். பிடுங்கிய பற்கள் ஒரு தகர வாளியில் விழுந்த சத்தத்தில் நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய். உன் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் இடுக்கில் சொத்தை விழுந்திருந்தது.

"நாலையும் எடுத்துறலாங்கிறாரு" என்றார் மருந்து ஐயா.

அம்மா முன்னால் போய்க் கும்பிட்டாள். "ஐயா, பொம்பளப் புள்ளைங்க. முன்பல்ல எடுத்துட்டா நாளைக்கு யாருங்க கட்டுவா? வேற ஏதாச்சும் செய்யச் சொல்லுங்க."

இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பிறகு மருந்து ஐயா சொன்னார்: "மருந்து போட்டு நிறுத்தலாமாம். அதுக்கு மேல சொத்த போகாது. கொஞ்சம் நெறம் மாறுமாம்."

"நெறம் மாறுனாப் பரவாயில்லீங்க."

எந்த நிறமாக மாறும் என்று அம்மா கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. உன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீர் போன்ற அந்த மருந்தைத் தொட்டுப் பல்லில் தேய்த்தார். அதன்மேல் கராம்பு எண்ணெயைத் தடவினார். உன் பல் எங்கள் கண் முன்னாலேயே பழுப்பாகிக் கறுத்தது. கீழுதட்டில் வழிந்த ஒரு துளி மாலைக்குள் அட்டை ஒட்டியது போல் கறுத்துத் தெரிந்தது. லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் அம்மா சாம்பல் போட்டு உன் பல்லைத் தேய்த்துத் தேய்த்து ஈறில் இரத்தம் வரவைத்தாள். உதட்டுக் கறை உரிந்து போனது. பல் அப்படியே நின்றது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்து சொன்ன வேலையைச் செய்தது. அதில் இருப்பது வெள்ளி என்றும், அது சொத்தைக்குள் ஊறிக் கறுத்து, இளகிய இடத்தை இறுகவைத்து, அழுகலை அங்கேயே நிறுத்தும் என்றும் நான் இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருடம் அந்த நான்கு பல்லும் உனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் உன்னைக் "கரிச்சட்டி" என்றார்கள். நீ வாயைக் கையால் மூடிப் பேசப் பழகினாய். பதின்மூன்று வயதில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். கொழுந்து பறிக்கையில் இரண்டு கையும் செடியில் இருக்கும், வாயை மூடக் கை கிடைக்காது. உன் நிரையில் பக்கத்தில் நின்ற பெண்கள் கதை சொல்லிச் சிரித்தபோது நீ உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு செடியைப் பார்த்தாய். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டாய். உன் சத்தமான சிரிப்பு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

பஞ்ச காலத்தில் என்னைப் பதுளை டவுனில் ஒரு பல் கிளினிக்குக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நான் பத்தாம் வகுப்புவரை படித்திருந்தது அதற்கு உதவியது. டொக்டர் பதுளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர், அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். தன் பெரியம்மா வீட்டுப் பின்னறையில் தங்க இடமும் கொடுத்தார். கருவிகளைக் கொதிக்கவைப்பது, மருந்து குழைத்துக் கொடுப்பது, நோயாளி துப்பக் கிண்ணம் பிடிப்பது என் வேலை. எனக்கு முன் இருந்த பெண் பஞ்சும் ஸ்பிரிட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாள் என்று நிறுத்தப்பட்டவள். அதைச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். நம் வீட்டில் ரொட்டிக்கு மா இருந்த நாட்களெல்லாம் என் சம்பளம் வந்த நாட்கள்தான்.

உனக்கு இருபத்து மூன்று வயதானபோது முதல் இடம் வந்து தட்டிப்போனது. பல்லைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உள்ளே ஏதோ சீக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து அப்புத்தளைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு இடம். மாப்பிள்ளை உன்னைத் திருவிழாவில் பார்த்திருந்தான், நீ வாயை மூடிக்கொண்டு நின்றபோது. ஞாயிற்றுக்கிழமை தாயும் மாமனும் அவனும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மாதம்தான் டொக்டருக்குக் கொழும்பிலிருந்து ஒரு புதுச் சாமான் வந்திருந்தது. இரண்டு சின்னக் குப்பிகளில் வெள்ளைப் பசை. இரண்டையும் குழைத்தால் சில நிமிடத்தில் பல் போலவே இறுகும், பல்லின் நிறத்திலேயே இருக்கும். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அழைத்து வரச் சொன்னார்.

புதன்கிழமை உன் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் உன்னிடமே சொன்னார். "இங்க பாருங்க, இந்தக் கறுப்பு கெட்டியா நிக்குது. இதுதான் பல்லைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. கறுப்புக்கு மேல பசையை வெச்சா சரியா ஒட்டாது, ஒட்டினாலும் சாம்பலாத் தெரியும். வெள்ளையா வேணும்னா கறுப்பைச் சுரண்டி எடுக்கணும். எடுத்தா அந்தக் காவல் போயிடும். யோசிச்சிச் சொல்லுங்க."

நீ வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாய்: "எடுத்துருங்க ஐயா."

அரைமணி நேரம் சுரண்டினார். நீ நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் உன் நகம் வெளுத்திருந்தது. நான்கு பல்லிலும் குழி தெரிந்தது. மெழுகு போன்ற ஒன்றைச் சூடாக்கி அடைத்து, வெள்ளிக்கிழமை பசை வைக்கலாம் என்றார். வியாழக்கிழமைகளில் அவர் பண்டாரவளைக்குப் போய்விடுவார்.

என் அறையில் தங்கினாய். அன்று மாலையே ரொட்டி மெல்லும்போது மெழுகு விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுப்பட்டுத் துடித்தாய். வியாழன் முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வலி மருந்து கராம்பு எண்ணெய். கிளினிக்கைத் துடைக்கப் போனபோது ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி எடுத்து வந்து, பஞ்சில் நனைத்து நான்கு குழியிலும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உன் முகம் இளகியது. "உனக்குக் கை வாச்சிருக்குடி" என்றாய். மாலையில் இன்னொரு தடவை வைத்தேன்.

வெள்ளி காலை பஞ்சை எடுத்து வாய் கொப்பளிக்க வைத்தேன். "எண்ணெய் எடுத்தது டொக்டருக்குத் தெரிய வேணாங்க்கா. வேல போயிரும்" என்றேன். நீ தலையாட்டினாய்.

நாற்காலியில் உன்னைச் சாய்த்து, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, பல்லைக் காயவைத்தார். பசையைக் குழைக்கும் தாளை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு குப்பியிலிருந்தும் எடுத்து வைத்துவிட்டு, குழைக்குமுன் கேட்டார்.

"மகள், மெழுகு விழுந்த பொறகு ஊட்டுல ஏதும் வெச்சீங்களா? கராம்பெண்ணெய் கிண்ணெய்?"

"ஏன் டொக்டர்?"

"அது பட்ட இடத்துல இந்தப் பசை இறுகாது. மேல இறுகின மாதிரி இருக்கும், உள்ளுக்குக் களியா நிக்கும். வெச்சிருந்தாச் சொல்லுங்க."

அந்த அறை எப்போதும் கராம்பு வாடையிலேயே இருக்கும். உன் வாயில் வந்த வாடையை அவரால் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"இல்ல டொக்டர்."

பிறகுதான் உன்னைப் பார்த்தேன். வாய் திறந்தபடி, கன்னத்தில் பஞ்சோடு, நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ கையை உயர்த்தியிருக்கலாம். உயர்த்தவில்லை. அவர் குழைக்கத் தொடங்கினார்.

எழுந்து கண்ணாடி பார்த்தாய். உன் பல் வெள்ளையாக இருந்தது. உதட்டை விரித்தும் குவித்தும் பார்த்தாய். அழவில்லை, சிரிக்கவுமில்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல் பார்த்தாய். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் கண்ணாடியிலும் பார்த்துக்கொண்டு வந்தாய். களியாகத்தான் இருக்குமோ என்று நான் பயந்துகொண்டே வந்தேன். இருக்காது, நன்றாகத்தான் கழுவினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை ஒரு முழு நாள் இருந்தது. திரும்பப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நாள் இருந்தது, அக்கா. நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். லயத்து வாசலைச் சாணி போட்டு மெழுகியிருந்தோம். நீ பிளேன் டீ கொண்டுவந்து வைத்தாய். மாப்பிள்ளையின் தாய் எத்தனை வருடமாகக் கொழுந்தெடுக்கிறாய் என்று கேட்டாள். நீ கை வைக்காமல் பதில் சொன்னாய். அவள் ஏதோ சொல்ல, பல் தெரியச் சிரித்தாய். அப்பா தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

"நீயும் சாப்புடு புள்ள" என்று அவள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு பலகாரத்தை எடுத்து உன் கையில் கொடுத்தாள்.

நீ கடித்தாய். கடித்த வாய் அப்படியே நின்றது. பலகாரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது, மென்ற களி மாதிரி. அடுத்த பல்லிலும் பாதி பிய்ந்து தொங்கியது. நீ வாயை மூடினாய். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன இது, மாவ வச்சு அடச்சிருக்கா?"

"டவுன் டொக்டரு வச்சதுங்க" என்றார் அப்பா. அம்மா பெரட்டுக் களத்து மருந்தைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தத் தாய் கடைசிவரை கேட்டாள். கோபப்படவுமில்லை.

"எங்க தோட்டத்துலயும் அந்த மருந்து போட்டாங்க. எங்க அக்கா மகளுக்கும் இதே மாதிரிதான் கறுத்திருக்கு. கறுப்புப் பல்ல நான் பாக்காதவளா? கறுப்பாவே காட்டியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். மறச்சுட்டீங்க. இன்னும் என்னென்ன மறச்சிருக்கீங்களோ."

மாப்பிள்ளை எழுந்து வாசலில் போய் நின்றான். அரை டம்ளர் டீ மிச்சம் இருக்க அவர்கள் இறங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை டொக்டர் மிச்சப் பசையைச் சுரண்டி எடுத்தார். உள்ளே அது ஈரக் களியாகவே இருந்தது. "ஏன் இது இறுகல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். பழைய சாமானை அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு செய்து, இரண்டு குப்பியையும் குப்பையில் எறியச் சொன்னார். நான்தான் எறிந்தேன். அதற்குப் பிறகு நெடுங்காலம் யார் வெள்ளைப் பசை கேட்டு வந்தாலும், "அதை நம்ப ஏலாது, என் கையால ஒரு பிள்ளைக்கு வெச்சிக் கெட்டுப்போச்சி" என்று திருப்பி அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காவல் போன பல் வேகமாகக் கெட்டது. டொக்டர் வேறு மருந்தை வைத்து அடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒன்று நரம்புவரை போய் முகம் வீங்கியது. பிடுங்கினார். ஐந்து மாதத்துக்குள் நான்கும் போயின. ஒவ்வொரு தடவையும் கிண்ணம் பிடித்தது நான். அன்று பெரட்டுக் களத்தில் அம்மா கும்பிட்டுத் தடுத்த அதே நான்கு பல். கடைசிப் பல்லைப் பிடுங்கிய அன்று டொக்டர் உன்னிடம், "என்னை மன்னிச்சிக்கங்க" என்றார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நீ அவரைக் கும்பிட்டாய். நான் கிண்ணத்தைக் கழுவப் பின்பக்கம் போய்விட்டேன்.

அவரே செலவில்லாமல் ஒரு செட்டுப் பல் செய்து கொடுத்தார். அதற்குள் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் செட்டைப் போட்டுக்கொண்டு நீ இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாய். படத்தில் வாய் மூடித்தான் இருந்தது. பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. நான் இந்த நாட்டுப் பிரஜா உரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கினேன். அப்பா, அம்மா, நீ மூவருக்கும் இந்தியாவுக்குப் போகும் நாள் வந்தது.

பதுளை ஸ்டேஷனில் ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நின்றது. அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கோச்சி கிளம்ப மணி அடித்த பிறகுதான் ஜன்னலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு டொக்டர் கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

"தெரியும்டி. நான்தானே ஒக்காந்திருந்தேன்."

"ஏன் நீ சொல்லல?"

"மொதல்ல வாய் தொறந்திருந்துச்சு, பேச முடியல. மூடுன பொறகு நெனச்சுப் பாத்தேன். எனக்குப் பல்லு போனாப் போகுது. உனக்கு வேல போனா அப்பா அம்மா என்ன திம்பாங்க?" பிறகு, "நானும் ஆசப்பட்டேன்ல. ஒருவேள நின்னுரும்னு நெனச்சேன்" என்றாய்.

கோச்சி நகர்ந்தது. கூடவே ஓடக் கூட்டத்தில் இடமில்லை. அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. அங்கிருந்து நீ மூன்று கடிதம் போட்டாய். கப்பல் இறங்கித் தங்கிய மண்டபத்து முகாமில் செட்டுப் பல் உடைந்துவிட்டது என்று முதல் கடிதத்தில் இருந்தது. அடுத்த இரண்டிலும் பல்லைப் பற்றி ஒன்றுமில்லை.

இன்று பகல் கடைசி நோயாளி போனதும் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குப்பியில் எடுத்த எண்ணெய், இரண்டு தடவை வைத்தது, "இல்ல டொக்டர்" என்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத்தனை வருஷமா அந்தப் பசையைத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும் டொக்டர். கடைசிவரை சொல்லல."

"அண்டைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்லாக் கழுவிட்டு, ஒரு கிழமை விட்டு வெச்சிருப்பேன் மகள். ஞாயித்துக்கிழமைக்குக் கிடைச்சிருக்காது. ஆனா பல்லு நிண்டிருக்கும்."

வேலையை விட்டு நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

அக்கா, எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நீ போன பிறகு ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் வந்திருக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களைப் பற்றி டொக்டர் என்னிடம் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. வாயிலுள்ள பஞ்சை எடுத்துவிடுகிறேன். அவர்கள் எழுந்து உட்கார்ந்து, எச்சிலை விழுங்கி, வாயை மூடும்வரை நிற்கிறேன். சின்னப் பிள்ளையாக இருந்தாலும், தாய் அவசரப்படுத்தினாலும் சரி.

"நீயே சொல்லு" என்கிறேன்.